சாக்ரன்தீனோவா, அலியானிகோவா?

இத்தாலி ஒயின்னா எல்லாரும் கியாந்தி, பரோலோவோட நின்னுடுவாங்க, நான் இந்த வாட்டி அதிகம் பேசப்படாத ரெண்டு ரெட் ஒயினை பக்கத்துல பக்கத்துல ஊத்தி பாத்தேன்.

ஒண்ணு நடு இத்தாலி உம்ப்ரியால, மோன்டெஃபால்கோங்குற ஊர் பக்கத்து சாக்ரன்தீனோ திராட்சைல பண்ணது. கிளாஸ்ல மை மாதிரி நிக்குது, ஒரு வாய் குடிச்சதும் பச்ச வாழைக்காய கடிச்ச மாதிரி ஈறெல்லாம் இழுத்துக்குச்சு, அவ்ளோ டானின் (திராட்சை தோல், விதைல இருந்து வர்ற துவர்ப்பு), அதனாலதான் 37 மாசம் வெச்சிருந்துதான் விக்கணும்னே ரூல் இருக்கு, ஒரு காலத்துல பழத்தை உலர்த்தி இனிப்பு ஒயினாத்தான் பண்ணிட்டிருந்தாங்க, அந்த பாசிட்டோ இப்பவும் கெடைக்குது.

இன்னொண்ணு தெக்கே பசிலிகாட்டாவுல, வுல்துரேங்குற அணைஞ்ச எரிமலை சரிவுல வெளையுற அலியானிகோ. ரொம்ப லேட்டா, அக்டோபர் கடைசி, நவம்பர்லகூட பறிப்பாங்க. துவர்ப்பு இதுலயும் உண்டு, ஆனா கூடவே ஒரு புளிப்பு வந்து அடுத்த வாய் கேக்குது, கறுப்பு செர்ரி, லேசா புகை வாசனை. 1971-லயே டிஓசி, அதாவது இத்தாலி அரசோட ஊர்ப்பேர் தர முத்திரை, வாங்கிடுச்சு, இன்னும் பேர் வெளிய வரல பாருங்க.

எனக்கு வுல்துரே அலியானிகோதான். சாக்ரன்தீனோ ஒரு கிளாஸுக்கு மேல எறங்கல, சுட்ட ஆட்டுக்கறி கூட இருந்தா எறங்கியிருக்கும், ஆனா மறுநாள் மிச்சத்தை ஊத்துனப்போ நல்லா இளகி இருந்துச்சு, அதான் கொஞ்சம் கடுப்பு.