கிரிப்டிக் குறுக்கெழுத்து: நெடுநாள் போட்டுப் பார்த்ததில் தேறியவை

கிரிப்டிக் குறுக்கெழுத்தில் ஒவ்வொரு குறிப்பிலும் விடையின் நேர்ப்பொருளும், அதன் எழுத்துகளைத் தரும் சொல்விளையாட்டும் சேர்ந்தே இருக்கும். தமிழில் இதைப் போடும்போது கட்டம் நிரம்பிவிட்டது என்பது வேறு, புதிர் அவிழ்ந்தது என்பது வேறு. குறுக்கே விழும் எழுத்துகளை வைத்து ஊகித்தே பாதிக் கட்டத்தை ஒப்பேற்றிவிடலாம். விடை ஏன் அதுதான் என்று கேட்டால் முழிக்க வேண்டியிருக்கும்.

பினாங்கு வாசகர்களுக்கென்றே ஒரு குறிப்பு: "ஜார்ஜ் டவுனில் ஓவியம் தாங்குவது அரசு வர்த்தகத்தில் ஒளிந்திருக்கிறது (3)". 2012இல் எர்னஸ்ட் ஸகாரெவிச் ஆர்மீனியன் தெருவில் சைக்கிளும் குழந்தைகளுமாக வரைந்த பிறகு, அந்த ஊரில் ஓவியம் எதன்மேல் இருக்கிறது என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவசரக்காரர் உடனே 'மதில்' என்று எழுதுவார். அடைப்பிலுள்ள எண் கேட்கும் மூன்று எழுத்து, பொருளும் பொருந்துகிறது. ஆனால் 'அரசு வர்த்தகம்' எதற்கு வந்தது? அரசு என்பதன் கடைசி எழுத்து சு, அடுத்த சொல்லின் முதல் இரண்டு எழுத்து வ, ர். விடை சுவர். மதிலை எழுதியவருக்கு அந்தக் கடைசி ல் கீழே இறங்கும் இன்னொரு விடையையும் கெடுத்திருக்கும்.

அதனால் பல ஆண்டு பயன்பாட்டில் நிலைத்த பழக்கம் ஒன்றுதான்: ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் ஒரு வரி விளக்கம். நேர்ப்பொருளுக்கு அடிக்கோடு, உடைத்துச் சேர்க்க வேண்டிய சரக்கைச் சுற்றி வட்டம், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் சைகைச்சொல்லுக்கு மேலே ஒரு புள்ளி. குறி விழாத சொல் ஒன்றாவது மிஞ்சினால் விடை பென்சிலிலேயே இருக்கட்டும்.

எழுத்தைக் கலைக்கும் குறிப்புகளில் இந்தப் பழக்கம் நன்றாகவே பலன் தருகிறது. "மண்ணின் தலையோடு தகரம் உருகிக் கலந்தால் பச்சை நிறக் கல் (5)". நேர்ப்பொருள் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோதான் இருக்கும். இங்கே கடைசி மூன்று சொற்கள். மண்ணின் தலை ம. தகரம் அப்படியே த, க, ர, ம். 'உருகிக் கலந்தால்' சைகை. இந்த ஐந்தையும் வரிசையாக எழுதினால் கண் தகரத்தை விட்டு நகராது. வட்டமாக எழுத வேண்டும். மிச்ச வேலையை இலக்கணமே பார்த்துக்கொள்ளும். புள்ளி வைத்த எழுத்து முதலில் வராது. தமிழ்ச் சொல் ர-வில் தொடங்காது. ரப்பர், ரயில் எல்லாம் இரவல். நடுவில் ம் வந்தால் அடுத்தது பெரும்பாலும் ப அல்லது ம வரிசை, இல்லாவிட்டால் ம் கடைசிக்குப் போகும். ம்-ஐக் கடைசியில் நட்டுவிட்டு, முதலிடத்துக்கு ம, த, க மூன்றையும் வைத்துப் பார்த்தால் மரகதம் சீக்கிரமே கண்ணில் படும்.

லண்டன் அப்சர்வர் இதழுக்கு ஸிமெனீஸ் என்ற புனைபெயரில் புதிர் போட்ட டெரிக் மக்நட் 1966இல் வகுத்த இலக்கணம் பிரபலமானது: துல்லியமான நேர்ப்பொருள், நேர்மையான சொல்விளையாட்டு, வேறொன்றும் கூடாது. தமிழில் இதை எழுத்துக்கு எழுத்து கேட்க முடியாது. வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டே வரும், அதை உரித்துவிட்டுத்தான் சரக்கை எண்ண வேண்டும். சில நேரம் அந்த உருபே விடைக்குள் உட்கார்ந்திருக்கும். "சமுத்திரத்தை வறுத்துத் தின்னலாம் (3)": கடல் + ஐ, கடலை. கச்சாங் பூத்தே என்னும் வறுகடலை விற்கும் வண்டிக்காரரைப் பார்த்து எழுதியது போல ஒரு குறிப்பு! தமிழுக்கே உரிய இந்த வகைதான் எங்களுக்கு மிகவும் பிடித்தது.

அதிகம் பேர் சறுக்குவது ஒற்றெழுத்தில். 'ஏராளமான கரம் சேர்ந்தால் தச்சருக்கு வேண்டியது (3)' என்றால் பல + கை, பலகை. கூட்டல் நேராக வருகிறது. 'கரமும் கம்பும் சேர்ந்தால் முதியவருக்குத் துணை (4)' என்றால் கை + தடி மூன்று எழுத்துதான், நடுவில் த் புகுந்து நான்காகிறது. ஒரு கட்டம் இடிக்கிறதே என்று விடையைத் தூக்கிப் போடுவதற்கு முன் சந்தியைப் பாருங்கள்.

வினை வடிவத்தையும் விளக்க வரியில் சரிபார்க்க வேண்டும். கிளறி என்றால் கிண்டி, கிளறிய என்றால் கிண்டிய. சென்னைப் புதிர்க்காரர்களுக்கு அந்தக் கிண்டி என்றால் கொள்ளை ஆசை. மலேசியாவிலிருந்து விடை தேடுகிறவர்கள் அடையாறு, பெரம்பூர், கிண்டி என்று சென்னைப் பகுதிகளின் பட்டியல் ஒன்றைக் கைவசம் வைத்துக்கொள்வது நல்லது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அகராதிக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி போதும். பழஞ்சொல் வந்தால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். எழுத்து கலைக்கும் செயலிகளில் ஆங்கிலத்துக்கென்று செய்தவற்றைத் தொட வேண்டாம். கணினிக்கு உயிர்மெய் ஓர் எழுத்து அல்ல. கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். எக்செல்லில் எழுத்தெண்ணும் லென் (LEN) சூத்திரம் போட்டால் மரகதத்துக்கு 6 என்று காட்டும், கிள்ளானுக்கு 8. திருப்பிப் போடச் சொன்னால் புள்ளி அந்தரத்தில் தொங்கும்.

கிள்ளான் என்றதும், மலேசிய ஊர்ப்பெயர்களில் புதிருக்கு வாகானது அதுதான். "நிமிண்டவே மாட்டான், சிலாங்கூர் ஊர் (4)". கிள்ளான் என்பது கிள்ள மாட்டான் என்பதன் பழைய எதிர்மறை வடிவம். ஆண்பால் ஒருமை வரை கச்சிதம். பத்துமலையும் வசதிதான், 'ஐந்தை இரட்டித்துக் குன்றோடு சேர்த்தால் தைப்பூசக் கூட்டம் (5)' என்று போடத் தோன்றும். ஆனால் அது தவறான குறிப்பு: பத்துமலை ஓர் இடம், கூட்டம் அல்ல. 'தைப்பூசக் கூட்டம் சேருமிடம்' என்று முடித்தால் அடிக்கோடு சரியாக விழும்.