தொரட்டியோடு மூன்று வருஷம்

ஓசூரிலிருந்து தினமும் பஸ்ஸில் பெங்களூருக்கு வந்துபோகும் தம்பி ஒருவன், எங்கள் ஆபீஸ்தான், அடுத்த ஞாயிறு முதல் எங்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கூட்டத்தில் (மேசையில் பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் கேம்) சேருகிறான். ஃபைட்டர், அதாவது போர்வீரன் வேஷம், ஆடப் போகிறானாம். "அண்ணே, ஹால்பர்டா கிரேட்ஸ்வோர்டா? நீங்க மூணு வருஷமா ஹால்பர்ட்தானே வெச்சிருக்கீங்க, ஒரே வரில சொல்லுங்க" என்று வெள்ளிக்கிழமை ராத்திரி மெசேஜ் போட்டான். (ஹால்பர்ட் நீளக் கம்பில் கோடரி, கிரேட்ஸ்வோர்ட் இரண்டு கையாலும் பிடிக்கும் பெருவாள்.) ஒரே வரியில் சொன்னால் கெட்ட வார்த்தையாக வந்துவிடும். அதனால் நீளமாக எழுதுகிறேன்.

(நாங்கள் இன்னமும் 2014 விதிகளில்தான் ஆடுகிறோம். 2024 விதிகளில் ஆயுதக் கணக்கு நிறைய மாறிவிட்டது. அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.)

கிரேட்ஸ்வோர்ட் விலை 50 தங்கக் காசு, டேமேஜ் இரண்டு டி6, அதாவது இரண்டு ஆறுமுகப் பகடை. ஹால்பர்ட் 20 தங்கம், ஒரே ஒரு டி10. சராசரி பார்த்தால் 7க்கு எதிரே 5.5. பட்டியலை மட்டும் பார்ப்பவன் வாளைத்தான் எடுப்பான். நான் மயங்கியது ஹால்பர்டின் 10 அடி ரீச்சுக்கு, எட்டும் தூரத்துக்கு. ஒரு கட்டம் தள்ளி நின்றே அடிக்கலாம்.

ஆரம்பித்த முதல் மாசமே ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். மேசை மேல் இருந்த என் மினியேச்சரை, என் கதாபாத்திரத்தின் குட்டிப் பொம்மையை, கையில் எடுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ஏன்டா, இவன் என்ன முருங்கக்கா பறிக்கப் போறானா? கையில தொரட்டி வெச்சிருக்கான்?" அன்றோடு ஹால்பர்ட் என்ற பெயர் போனது. பாலடின் (புனித வீரன்) ஆடும் கன்னடக்காரர்கூட "தொரட்டி டர்ன்" என்றுதான் சொல்வார். பிற்பாடு ஒருநாள் மெட்ரோ கூட்டத்தில் பை நசுங்கி அந்தக் குட்டித் தொரட்டி முறிந்துவிட்டது. துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சி உருவி, அளவாக வெட்டி, ஃபெவிக்விக் வைத்து ஒட்டினேன். கொஞ்சம் நீளமாகிவிட்டது. டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துபவர், அதைப் பார்த்துவிட்டு, "இத வெச்சு 15 அடி ரீச் கேட்டு வந்துடாதீங்க" என்றார்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லும் பொறுமை இருக்காது.

நாலாவது லெவலில் போலார்ம் மாஸ்டர் என்ற ஃபீட், ஒரு சிறப்புத் திறமை, எடுத்தேன். வெட்டி முடித்த கையோடு கம்பின் அடிப்பக்கத்தால் இன்னொரு குத்து. டி4 தான், சின்னது. சிலம்பம் பார்த்தவர்களுக்குப் புரியும், கம்புக்கு இரண்டு முனையும் ஆயுதம். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: அந்தக் குத்து வெட்டுக்காயக் கணக்கில் வராது, மொத்துக்காயம். எலும்புக்கூடுகளுக்கு மொத்துக்காயம் இரட்டிப்பு. ஒரு கல்லறைச் சண்டையில் பிளேடால் இரண்டு வீச்சு வீசி இரண்டும் தப்பி, போகிற போக்கில் அடிக்கம்பால் இடித்தேன். டி4ல் 4 விழுந்தது. பலத்துக்கு 3, மொத்தம் 7, இரட்டித்தால் 14. எலும்புக்கூட்டுக்கு உயிர் 13. கலகலவென்று கொட்டிவிட்டது. மூன்று வருஷத்தில் நான் எழுந்து நின்று கத்தியது அந்த ஒருமுறைதான்.

ஆறாவது லெவலில் சென்டினல் என்ற இன்னொரு ஃபீட் சேர்ந்ததும் தொரட்டி வேறு ஜாதி ஆயுதமாகிவிட்டது. எதிரி என் 10 அடிக்குள் கால் வைத்தாலே ஒரு இலவச அடி. அடி பட்டால் அவன் வேகம் பூஜ்யம், அங்கேயே நிற்க வேண்டும். ஒரு ஓகர் (ராட்சத ஜந்து) தடியைச் சுழற்றிக்கொண்டு ஓடி வந்தது. 10 அடியில் வெட்டு. நின்றுவிட்டது. அதன் தடி எட்டுவது 5 அடி. டிஎம் பென்சிலைக் கடித்துக்கொண்டு வரைபடத்தையே பார்த்தார். அப்புறம் ஓகரிடம் எறியீட்டி இருப்பது ஞாபகம் வந்து, என் நெஞ்சில் 13 டேமேஜ். பரவாயில்லை, அந்த அரை நிமிஷ மௌனம் போதும்.

கணக்கில் தொரட்டிதான் ராஜா என்று சொல்பவர்களை மட்டும் நம்பாதே தம்பி. ஐந்தாவது லெவலில் தொரட்டிக்காரன், வாள்காரன் இரண்டு பேரும் பலம் 16லிருந்து (அடிக்கு 3 கூடும்) வருவதாக வைத்துக்கொள். நீ ஃபீட் எடுத்தால் பலம் அப்படியே நிற்கும்: இரண்டு வெட்டு, ஒரு இடி, எல்லாம் பட்டால் சராசரி 22.5. வாள்காரன் அந்த ஃபீட்டுக்குப் பதில் பலத்தை 18 ஆக்கினால் (அடிக்கு 4) இரண்டு வெட்டில் 22, படுவதற்கான வாய்ப்பும் கொஞ்சம் கூட. சரிக்குச் சரி. தொரட்டியின் பெருமை கணக்கில் இல்லை, எங்கே நிற்கிறோம் என்பதில் இருக்கிறது.

சில்லறைக் குறைகள்: பாலடின் தோளுக்கு மேலே கம்பை நீட்டி அடித்தால், நடுவில் ஆள் நிற்பதால் எதிரிக்கு ஏசி, அதாவது தற்காப்பு எண், 2 கூடும். முதல் வருஷம் முழுக்க டிஎம் இதை மறந்திருந்தார், நானும் ஞாபகப்படுத்தவில்லை. இன்னொன்று, ஒட்டி வந்துவிட்ட எதிரி என் 10 அடி வட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றிப் போகலாம், வெளியே போனால்தான் அடிக்க முடியும். இதெல்லாம் பழகிவிடும்.

பழகாதது ஒன்றுதான். புதையல்.

2014 மந்திரப் பொருள் பட்டியலை எடுத்துப் பார். ஃப்ளேம் டங், எந்த வாளாகவும் இருக்கலாம். ஃப்ராஸ்ட் பிராண்ட், வாள். டிராகன் ஸ்லேயர், வாள். லக் பிளேடு, வாள். ஹோலி அவெஞ்சர், வாள். தலையைச் சீவும் வோர்பல், அதுவும் வாள். சுத்தியலுக்கு உண்டு, கதைக்கு உண்டு. மீன்களுக்குக் கட்டளையிட ஒரு திரிசூலம்கூட உண்டு. மீனுக்கு! தொரட்டிக்கென்று ஒன்றுமில்லை. 1974ல் இந்த கேமை உருவாக்கிய இரண்டு பேரில் ஒருவரான கேரி கைகாக்ஸ், கம்பு ஆயுதங்களின் பெயர்களை வகைபிரித்துக் கட்டுரையே எழுதிய மனுஷன். அவர் தொடங்கிய கேமில் இந்த நிலைமை.

நியாயமாகப் பேசினால் பிளஸ் ஒன் மந்திர ஆயுதம் எதுவாகவும் இருக்கலாம், டிஎம் மனசு வைத்தால் நடக்கும். எங்கள் டிஎம் அச்சடித்த கதையை அப்படியே நடத்துபவர். பெட்டியில் புத்தகம் என்ன சொல்கிறதோ அதுதான். முதல் பெட்டியில் பிளஸ் ஒன் குத்துக்கத்தி, ரோக் (திருடன் வேஷம்) ஆடுபவர் எடுத்துக்கொண்டார். இரண்டாவதில் டிராகன் ஸ்லேயர் வாள், பாலடினுக்கு. எனக்கு லாந்தர் எண்ணெய்.

விளைவு என்ன தெரியுமா? கார்காயில் மாதிரி ஜந்துக்களுக்கு மந்திரமில்லாத ஆயுதம் பாதி டேமேஜ்தான். நான் 9 என்பேன், டிஎம் 4 என்று எழுதுவார். பக்கத்தில் ரோக் காய்கறிக் கத்தி அளவில் ஒன்றை வைத்துக்கொண்டு முழு டேமேஜ் வாங்குவார். ஓநாய் மனிதன் வரப்போகிறான் என்று டிஎம் பூடகமாகச் சொன்னதை நம்பி, 20 தங்கம் தொரட்டிக்கு 100 தங்கம் செலவழித்து வெள்ளி பூசினேன். அந்த ஓநாய் மனிதன் இன்றுவரை வரவில்லை.

இப்போது போன ஞாயிறு. அல்சூர் ஏரிப் பக்கம் நண்பர் வீட்டு ஹால், நாலாவது பை-டூ காபி ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது பெட்டி திறந்தது. ஃப்ளேம் டங், கிரேட்ஸ்வோர்ட். பாலடின்காரர் நல்ல மனுஷன், "இந்த வாட்டி நீங்க எடுத்துக்கோங்க" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாளைத் தொட்டால் போலார்ம் மாஸ்டர் செத்த ஃபீட். மூன்று வருஷத் தொரட்டி, அம்மா வைத்த பெயர். "வேணாம், நீங்களே வெச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் உடனே மந்திரச் சொல்லைக் கன்னடத்தில் வைத்துக்கொண்டார். "பெங்கி!" ஒருமுறை சொன்னாலே வாள் எரிந்துகொண்டிருக்கும். அவர் ஒவ்வொரு வீச்சுக்கும் கத்தினார். சாயந்திரம் முழுக்கப் பெங்கி, பெங்கி.

திரும்பும்போது ஹலசூரு ஸ்டேஷனில் ஏறி, இந்திராநகர் தாண்டியதும் போனைத் திறந்து கணக்குப் போட்டேன். போட்டிருக்கக் கூடாது. பலம் 18ல் என் தொரட்டி, இடியோடு சேர்த்து 25.5. அந்த வாள், நெருப்புக்கு இன்னொரு இரண்டு டி6 சேர்த்து, இரண்டே வெட்டில் 36. பையப்பனஹள்ளி வருவதற்குள் மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன். 36தான்.

தம்பி, நேற்று நீ அடுத்த மெசேஜும் போட்டாய். லெவல் எங்களோடு சேர்த்து எட்டு, ஆனால் காசு மட்டும் முதல் லெவல் கணக்கு என்று டிஎம் கறாராகச் சொல்லிவிட்டாராம். ஐந்து டி4 உருட்டி 11, ஆக 110 தங்கம். செயின் மெயில் 75 போக மீதி 35. "அப்போ ஹால்பர்ட்தானே அண்ணே கட்டுப்படி ஆகும்?" என்கிறாய்.

வேண்டாம். வாளை வாங்கு. குறையும் 15 தங்கத்தை என் கேரக்டர் பையிலிருந்து தருகிறேன், ஞாயிறு மூன்று மணிக்கு வந்து வாங்கிக்கொள். வெள்ளி பூச மட்டும் கேட்காதே.