பராமரிப்பாளரா, கேமராவா? உயிரியல் பூங்காவின் தொலைநிலைப் பாடங்கள்: ஓர் ஒப்பீடு

உயிரியல் பூங்காவிலிருந்து வகுப்பறைக்குப் பாடம் வந்து சேரும் வழிகள் முக்கியமாக நான்கு. பராமரிப்பாளரோ பூங்காவின் கல்விப் பிரிவினரோ ஜூம் போன்ற செயலியில் மாணவர்களோடு பேசும் நேரடி வகுப்பு, விலங்கின் இருப்பிடத்தில் பொருத்திய நேரலைக் கேமரா, பதிவு செய்த காணொளி, பள்ளிக்கு அனுப்பப்படும் மாதிரிப் பெட்டி. முதலாவதற்குத்தான் பள்ளிகள் முண்டியடிக்கின்றன. அதிகம் வீணாவதும் அதுதான்.

நேரடி வகுப்பு பெரும்பாலும் 30 முதல் 45 நிமிடம். அதில் விலைமதிப்புள்ளது அந்த விலங்கோடு தினமும் பழகுகிறவரிடம் கேள்வி கேட்கும் வாய்ப்பு ஒன்றே. ஆனால் முன்தயாரிப்பு இல்லாத வகுப்பு கேட்பதெல்லாம் "சிங்கம் எவ்வளவு வேகமாக ஓடும்?", "பாம்பு எத்தனை அடி?" வகைதான். இவற்றுக்குப் பாடநூலே பதில் சொல்லிவிடும். போதாததற்கு, சிங்கம் ஒரு நாளில் 20 மணி நேரம்கூடப் படுத்தே கிடக்கும் விலங்கு. வகுப்பு நேரத்துக்கு எழுந்து உலாவும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆகவே பூங்காக்கள் கையில் எடுத்துக் காட்டக்கூடிய ஆமை, பாம்பு, முள்ளெலி போன்றவற்றையே திரைக்குக் கொண்டுவரும். எந்த விலங்கு வரும், வராவிட்டால் மாற்று எது என்பதை முன்பதிவின்போதே கேட்டுவிட வேண்டும்.

கருவிகளில் சொதப்பும் இடங்கள் எல்லாப் பள்ளிக்கும் ஒன்றுதான். எதிரொலி முதலாவது: பூங்காவிலிருந்து வரும் குரல் வகுப்பு ஸ்பீக்கரில் ஒலித்து, அதே அறையின் மைக்கில் மறுபடி நுழைகிறது. ஒரே லேப்டாப் மட்டும் இணைப்பில் இருக்கட்டும். கேள்வி கேட்கும்போது தவிர மைக்கை அணைத்து வையுங்கள். கேட்கும் மாணவர் எழுந்து மைக் அருகே வரட்டும். கடைசி பெஞ்சிலிருந்து கத்தினால் மறுமுனைக்கு இரைச்சல்தான் போகும். இணைய வேகம் பதிவேற்றம், பதிவிறக்கம் இரண்டிலும் சீராக நொடிக்கு 3 மெகாபிட் (Mbps) இருந்தால் போதும். மற்ற வகுப்புகள் அதே வைஃபையில் ஏறினால் படம் உறையும், அதனால் ஒரு மொபைல் ஹாட்ஸ்பாட் தயாராக இருக்கட்டும். அழைப்பை யார் தொடங்குகிறார்கள் என்பதும் முக்கியம்: பள்ளியின் இலவச ஜூம் கணக்கு என்றால் 40 நிமிடத்தில் இணைப்பு அறுந்துவிடும், பெரும்பாலும் கேள்வி நேரம் சூடு பிடிக்கும் தருணத்தில்.

நேரடி வகுப்பையும் நேரலை ஒளிபரப்பையும் ஒன்றென்று நினைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு. 2020 மார்ச்சில் அமெரிக்காவின் சின்சினாட்டி பூங்கா ஃபியோனா என்ற நீர்யானையோடு ஃபேஸ்புக்கில் தொடங்கிய ‘ஹோம் சஃபாரி’ இரண்டாம் வகை. இதற்கு முன்பதிவு வேண்டாம், எத்தனை பேரும் பார்க்கலாம். ஆனால் படம் பல விநாடிகள் தாமதித்தே வரும், உங்கள் வகுப்பின் கேள்வி நூற்றுக்கணக்கான கமென்டுகளுக்குள் புதைந்துபோகும். உரையாடலை எதிர்பார்த்து உட்காரும் பிள்ளைகளுக்கு இது டிவிதான்.

நேரலைக் கேமராவை ஆசிரியர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். ஓசி சமாச்சாரம் என்பதாலோ என்னவோ, ஓய்வு நேரத்தில் ஓட விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கிறார்கள். அமெரிக்காவில் மட்டுமே மான்டெரே பே மீன்காட்சியகத்தின் கடல் நீர்நாய், வாஷிங்டன் ஸ்மித்சோனியன் பூங்காவின் பாண்டா, சான் டியேகோ பூங்காவின் பல விலங்குகள் எனத் தேர்ந்தெடுக்க நிறைய இருக்கிறது. வகுப்புக்கு ஏற்றது பாண்டா: நாளில் 10 மணி நேரத்துக்கு மேல் மூங்கில் தின்பதிலேயே கழிக்கிறது, ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். கவனிக்க வேண்டியது நேர வித்தியாசம். உங்கள் காலை வகுப்பு அங்கே நள்ளிரவாக இருந்தால் திரையில் இருட்டுதான். சில கேமராக்கள் அந்த ஊரின் பகல் நேரத்தில் மட்டுமே இயங்கும்.

சும்மா பார்த்தால் ஐந்தாவது நிமிடத்தில் சலிப்பு வரும். கையில் நடத்தை அட்டவணை இருந்தால் வராது. ஆறு கட்டங்கள் போதும்: உண்ணுதல், நகர்தல், ஓய்வு, உடலைச் சுத்தம் செய்தல், மற்றொரு விலங்கோடு பழகுதல், கண்ணில் படவில்லை. ஆசிரியர் 30 விநாடிக்கு ஒருமுறை மணி அடிக்க, அந்தக் கணத்தில் விலங்கு செய்வதை மட்டும் குறிக்க வேண்டும். 10 நிமிடத்தில் ஒவ்வொருவரிடமும் 20 குறிகள். விலங்கியல் ஆய்வாளர்கள் களத்தில் செய்வதன் எளிய வடிவம் இது.

பிள்ளைகள் வழுக்கும் இடங்கள் மூன்று. மணிக்கு இடையில் நடந்த சுவாரசியமான காரியத்தைக் குறித்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் அரிதான நடத்தைகள் கணக்கில் ஊதிப்போகும். "கண்ணில் படவில்லை" கட்டத்தைக் காலியாக விடுவார்கள். 20 குறியில் 5 தடவை விலங்கு மறைந்திருந்தால் மீதி 15ஐ வைத்தே சதவீதம் போட வேண்டும்: ஓய்வு 9 என்றால் 60 சதவீதம், 45 அல்ல. மூன்றாவது, "சோகமாக இருக்கிறது" என்று எழுதுவது. தலை தாழ்ந்திருக்கிறது, அசையவில்லை என்று கண்டதை எழுதச் சொல்லுங்கள். இருவர் சேர்ந்து ஒரே விலங்கைக் குறித்து ஒப்பிட்டால், நிற்பது ஓய்வா இல்லையா என்ற சண்டை தானாக வரும். வரட்டும். வரையறை எதற்கு என்பது அந்தச் சண்டையில்தான் புரியும்.

பதிவுக் காணொளி ஓர் இடத்தில் மட்டும் மற்றவற்றை வெல்லும்: நிறுத்தி, மெதுவாக்கிப் பார்க்கலாம். பச்சோந்தியின் நாக்கு பாய்வதை நேரலையில் பார்த்தால் பூச்சி காணாமல் போனது மட்டும்தான் தெரியும். இணையம் மோசமான பள்ளிக்கும் இதுவே கைகொடுக்கும். தெளிவான நேரலையை மணிக்கணக்கில் ஓட்டினால் மணிக்கு 1 ஜிபி டேட்டா போய்விடும்.

மாதிரிப் பெட்டியில் மண்டையோட்டு அச்சு, இறகு, பாம்புச் சட்டை போன்றவை இருக்கும். கண்குழி முன்னோக்கியா பக்கவாட்டிலா, பல் கிழிப்பதா அரைப்பதா என்று விரலால் தடவி அறிவதற்குத் திரையில் ஈடு கிடையாது. தொட்ட பின் கை கழுவ வைக்க வேண்டும், அவ்வளவே.

ஒரே ஆண்டில் இவற்றில் இரண்டுக்குத்தான் வழி என்றால் கேமராவும் நேரடி வகுப்பும், அதே வரிசையில். பள்ளிகள் வழக்கமாகத் தலைகீழாகச் செய்கின்றன: பராமரிப்பாளரோடு ஆர்ப்பாட்டமாகத் தொடங்கி, கேமராவைப் பின்னால் தள்ளி, கடைசியில் மறந்துவிடுகின்றன. மூன்று வாரம், வாரத்துக்கு இரண்டு தடவை பத்துப் பத்து நிமிடம் குறித்த வகுப்பு கேட்கும் கேள்வியே வேறு. "ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப நடக்கிறதே, தீனி வரப்போவதை எதிர்பார்த்தா, சலிப்பிலா?" என்பதற்குப் பராமரிப்பாளர் சற்று யோசித்துத்தான் பதில் சொல்வார். கடல் நீர்நாய் ஓயாமல் தின்பதைக் குறித்த பிள்ளை காரணம் கேட்கும். உடல் எடையில் கால் பங்கு, அதாவது 20 கிலோ நீர்நாய்க்கு நாளொன்றுக்கு 5 கிலோ தீனி, குளிர்நீரில் உடல் சூட்டைக் காக்கவே செலவாகிறது என்ற பதில் அப்போது மனதில் நிற்கும்.

கேள்விகளைப் பத்தாகச் சுருக்கி, ஒரு வாரம் முன்பே பூங்காவுக்கு அனுப்பிவிடுங்கள். கேமராவில் பார்த்த அதே விலங்கைக் கேளுங்கள். திரைக்குக் கொண்டுவர முடியாது என்றால் ஆமையை மாற்றாக வாங்கிக்கொள்ள வேண்டாம். அந்த விலங்கின் பராமரிப்பாளர் மட்டும் வந்து, பிள்ளைகள் குறித்த அட்டவணையைப் பார்த்துப் பேசினால் போதும்.