"சிடிஐ போச்சு" என்றால் உடனே பணத்தை எடுக்காதீர்கள்: அவுட்போர்டு எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

தூத்துக்குடிக் கடற்கரையில் ஃபைபர் போட் வைத்துத் தொழில் செய்கிற எல்லாருக்கும் இதைச் சொல்லியாக வேண்டும். சிடிஐ என்பது ப்ளக்கில் பொறி விழ வைக்கிற கரண்ட் பெட்டி, அந்தக் கரண்டை ஏற்றி ப்ளக்குக்கு அனுப்புவது காயில். கடையின் பெயரை இங்கே போடவில்லை. நான் எப்படி ஏமாந்தேன் என்பதை மட்டும் முழுதாகச் சொல்கிறேன். படித்துவிட்டு உங்கள் எஞ்சின் மூடியை ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.

என்னுடைய அவுட்போர்டு (போட்டுக்குப் பின்னால் வெளியே மாட்டுகிற எஞ்சின்) 9.9 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். கயிறு இழுத்து எடுப்பது, பேட்டரி கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. எங்களைப் போன்ற நாட்டுப்படகுக்காரர்களின் மீனுக்கு நல்ல விலை கிடைப்பது அந்த 61 நாளில்தான். ஏப்ரல் கடைசியில் போட்டுக்கு நீலப் பெயிண்ட் அடித்துவிட்டு மே மாதம் தொழிலுக்கு இறங்கினேன். முதல் நாளே எஞ்சின் மக்கர் பண்ணியது. கரையில் ஒரே இழுப்பில் எடுக்கும். அரைமணி நேரம் நன்றாக ஓடும். பிறகு சத்தம் இளைத்து, இரண்டு மூன்று தடவை விக்கி நின்றுவிடும். கால்மணி நேரம் சும்மா விட்டால் மறுபடி எடுக்கும். மறுபடியும் அரைமணி நேரத்தில் நிற்கும்.

மெக்கானிக்கிடம் சொன்னேன். நான் பேசி முடிப்பதற்குள், "சூடானா நிக்குது, ஆறுனா எடுக்குதுல்லா? சிடிஐ போச்சு அண்ணாச்சி. காயிலையும் சேத்து மாத்திருங்க, இல்லைனா புதுசையும் அடிச்சிரும்" என்றார். நம்பும்படியாகத்தான் இருந்தது. சிடிஐ, காயில் இரண்டுமே சூட்டில் செத்து, ஆறினால் உயிர் பிடிப்பது உண்டு. ஆனால் அவர் ப்ளக்கைக் கழற்றவில்லை, டாங்க் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "டீ குடிச்சிட்டு வாங்க" என்று அனுப்பினார். திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. சிடிஐ 6,500, காயில் 2,800, கூலி 1,200, மொத்தம் 10,500 ரூபாய். பில் இல்லை. பழைய பாகத்தைக் கேட்டதற்கு, "அது குப்பை, எதுக்கு?" என்றார். ட்ரம்மில் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டினார். நானும் சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து மருமகனோடு சீலா மீன் வலைக்குப் போனேன். தங்கச்சி மகன், பத்தொன்பது வயசு. வலையை வாங்கித் திரும்பும்போது எஞ்சின் பழையபடி விக்கி நின்றது. கால்மணி நேரம் காத்திருந்து இழுத்தேன், எடுக்கவில்லை. அரைமணி, ஒருமணி, எடுக்கவே இல்லை. முன்பாவது ஆறினால் எடுத்தது, காசு கொடுத்த பிறகு அதுவும் போனது. கச்சான், அதாவது கரையிலிருந்து கடல் பக்கம் வீசுகிற மேல்காற்று அடிக்கிற நேரம். அந்தக் காற்றில் நின்றுபோன போட் கரைக்கு வராது, வெலங்க, அதாவது ஆழ்கடல் பக்கம்தான் போகும். நங்கூரத்தைப் போட்டு, இருந்த கயிறு முழுவதையும் விட்டோம். போனில் சிக்னல் இல்லை. சிக்னல் கிடைத்தால் கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093 என்று வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். அன்று ராத்திரி முழுவதும் கயிறு அறுந்துவிடுமோ என்று கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "மாமா, அம்மாகிட்ட எஞ்சின் ரெடியாயிட்டுன்னு சொல்லிட்டுத்தானே வந்தோம்" என்று அவன் கேட்டதை இன்னும் மறக்க முடியவில்லை. விடியும்போது அந்த வழியாக வந்த ஒரு போட்தான் கட்டி இழுத்து வந்தது.

கரையில் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் பார்த்தார். முதலில் எஞ்சின் மூடியில் கையே வைக்கவில்லை. ட்ரம்மில் இறக்கி ஓடவிட்டு, பெட்ரோல் ட்யூப்பில் கையால் அமுக்குகிற ரப்பர் பல்ப்பை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் ஆனது. கல் மாதிரி இருந்த பல்ப், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வற்றல் மாதிரி சப்பியது. எஞ்சின் விக்கி நின்றது. டாங்க் மூடியைத் திருகினார். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போனது, பல்ப் தானாகவே உப்பியது. மூடியைத் திருப்பிக் காட்டினார். காற்றுத் துவாரத்தை அடைத்துக்கொண்டு ஒரு சொட்டு நீலப் பெயிண்ட் காய்ந்திருந்தது.

பெட்ரோல் குறையக் குறைய டாங்குக்குள் காற்று போக வேண்டும். போகாவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்பால் பெட்ரோலை இழுக்க முடியாது. சும்மா விட்டால் இடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று கசிந்து மறுபடி ஓடும். வெளியே பார்த்தால் சூட்டில் சாகிற சிடிஐ மாதிரியேதான் இருக்கும். வித்தியாசம், நிற்கிற விதத்தில்தான் தெரியும். கரண்ட் கோளாறு பெரும்பாலும் சுவிட்சை அணைத்த மாதிரி பட்டென்று நிறுத்தும். பெட்ரோல் கோளாறு இளைத்து, விக்கி, இழுத்து நிற்கும். நின்ற அந்த நிமிடத்திலேயே டாங்க் மூடியைத் தளர்த்தி, பல்ப்பை அமுக்கிப் பாருங்கள். நான் "விக்கி நிக்குது" என்று சொன்னபோதே அந்த மெக்கானிக்குக் காது கேட்டிருக்க வேண்டும்.

அன்று டாங்க் மூடியைத் தளர்த்திய பிறகும் சூட்டோடு எஞ்சின் எடுக்கவில்லை. பெரியவர் டாங்கைத் தூர நகர்த்தி, பெட்ரோல் வாடை போன பிறகு, ப்ளக்கைக் கழற்றி அதன் உடம்பு எஞ்சின் பிளாக்கில் நன்றாகத் தொடும்படி வைத்துக் கயிறை இழுத்தார். ப்ளக் எர்த் ஆகாமல் இழுத்தால் நல்ல சிடிஐயும் கெட்டுவிடும். பொறி நீலமாகச் 'சடக்'கென்று விழ வேண்டும். எனக்கு விழுந்தது மங்கலான ஆரஞ்சு நிறத்தில், நூல் மாதிரி. எஞ்சினை நிறுத்துகிற கில் சுவிட்ச் வயரைப் பிரித்துப் பார்த்தார், அதிலும் மாற்றமில்லை. அவருடைய சிடிஐயை மாட்டியதும் ஒரே இழுப்பில் எடுத்தது. எனக்கு 6,500 ரூபாய்க்குப் 'புதுசு' என்று போட்டது விரிசல் விழுந்த பழைய பாகம். பின்பக்கம் பசை பூசிக் கருப்பு அடித்திருந்தார்கள்.

டாங்கின் அடியில் தண்ணீர் தேங்கினாலும் இதே மாதிரி விக்கும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுக்கும், அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். அடிப் பெட்ரோலைக் கொஞ்சம் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்தால் கோடு விழுந்த மாதிரி தெரியும். இதற்கும் செலவு கிடையாது.

மூன்று வாரம் கழித்து மீன் இறக்குகிற இடத்தில் ஒரு தம்பி எஞ்சின் மூடியைத் திறந்து வைத்திருந்தார். காயிலில், வயர் சேருகிற இடத்துக்கு மேலே, அரிசி அளவு ஒரு நீலச் சொட்டு. பெயிண்ட் அடித்த அன்று என் எஞ்சினும் மூடியில்லாமல் பக்கத்தில்தான் நின்றது. அவருடைய போட் பச்சை. அதே கடையில் 'புது' சிடிஐ, காயில் என்று அவரும் காசு கொடுத்திருக்கிறார். எந்தக் கோளாறும் இல்லாத என் பாகத்தை எடுத்து அவருக்கு விற்று, வேறு யாரோ கழித்ததை எனக்குப் போட்டிருக்கிறார்கள்.

ஊர்க் கமிட்டியில் சொன்னோம். மெக்கானிக் முதலில் மறுத்தார். என் டாங்க் மூடியை அந்தத் தம்பியின் எஞ்சினில் இருந்த காயிலுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் பேச்சு நின்றது. எனக்கு 4,000 ரூபாய் திரும்பி வந்தது. மீதிக்குத் தவணை கேட்டிருக்கிறார். பில் இல்லாததால் இதற்கு மேல் என்னால் பிடித்துக் கேட்க முடியவில்லை. அந்தத் தம்பிக்கு இன்னும் ஒரு ரூபாய்கூட வரவில்லை. காயிலை அவரிடமிருந்து கழற்றிக்கொண்டு வர எனக்கு மனசு வரவில்லை, அவருக்கும் மறுநாள் கடலுக்குப் போக வேண்டுமே.

இந்த வருடம் சிடிஐ, காயில் மாற்றியவர்கள், டீக்கடைக்கு அனுப்பிவிட்டு வேலை பார்த்த கடையாக இருந்தால், பாகத்தின் பின்பக்கத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். புதுப் பெயிண்ட் உரிந்து அடியில் பசை தெரிந்தால், பாகத்தைக் கழற்றாமல் அப்படியே போட்டோ எடுத்துக்கொண்டு கமிட்டிக்கு வாருங்கள். அந்தத் தம்பியின் பணத்தைக் கேட்க அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் உட்காருகிறோம்.