ஒரே 35 எம்எம் லென்ஸ், ஆறு வருடம், இரண்டு பூ மார்க்கெட்

2019 கடைசியில் ஒரு 35 எம்எம் எஃப்/2 லென்ஸைப் பழசாக வாங்கினேன், ஜூம் இல்லாத, கொஞ்சம் அகலமாகப் பார்க்கும் லென்ஸ். மாட்டியிருக்கும் ஃபுல் ஃபிரேம் கேமராவும் பழசுதான். எந்தக் கம்பெனி என்பதை விட்டுவிடுகிறேன், இந்த அளவில் எல்லோரும் ஒன்று வைத்திருக்கிறார்கள். ஓரத்தில் கூர்மை எப்படி, பின்னணி எப்படிக் கரைகிறது என்பதெல்லாம் வேறு இடத்தில் கிடைக்கும். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு விடியற்காலையில் பூ மார்க்கெட்டில் நின்றால் என்ன ஆகிறது என்பதுதான் இங்கே.

அதற்கு முன்னால் என்னிடம் இருந்தது தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் 70-200 ஜூம். கோயம்பேட்டில் ஓர் ஓரமாக நின்றுகொண்டு, இருபதடி தள்ளி சாமந்தி எடை போடுகிறவரை அவருக்கே தெரியாமல் எடுப்பேன். வீட்டில் வந்து பார்த்தால் எல்லாம் சிசிடிவி காட்சி மாதிரி இருக்கும். ஒருவர் முகத்திலும் என்னைப் பார்த்த அடையாளமே இருக்காது. 35 எம்எம்மில் அந்த வேலை நடக்காது. இடுப்புக்கு மேலே ஒருவரை எடுக்க வேண்டுமானால் ஒன்றரை மீட்டருக்குள் போயாக வேண்டும், அந்தத் தூரத்தில் அவர் நிச்சயம் தலை நிமிர்ந்து பார்ப்பார், அப்புறம் ஏதாவது பேசித்தான் ஆக வேண்டும். முதல் இரண்டு மாதம் கூச்சத்தில் பூவை மட்டும்தான் எடுத்தேன். கனகாம்பரம், அரளி, கோழிக்கொண்டை என்று நர்சரி விலைப்பட்டியல் மாதிரி ஓர் ஆல்பம் சேர்ந்தது.

கூச்சம் விலக ஆரம்பித்த நேரத்தில் 2020 மே மாதம் கோயம்பேட்டையே மூடிவிட்டார்கள், கொரோனா. லென்ஸை அழகாக லெதர் பையில் போட்டு துணி பீரோவில் வைத்தேன். சென்னையில் செய்யவே கூடாத காரியம் இது. மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தால் உள்கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. கழற்றிச் சுத்தம் செய்ய 2,800 ரூபாய் ஆனது, ஓரத்தில் ஒரு மெல்லிய தடம் இன்றும் இருக்கிறது. எதிர்வெயிலில் எடுத்தால் மட்டும் லேசாகப் புகை படிந்த மாதிரி தெரியும். இப்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே நிறம் மாறும் சிலிக்கா ஜெல். ஜெல்லை வறுத்துக் காயவைக்க சமையலறை வாணலியை எடுத்து ஒரு நாள் முழுக்க வசவு வாங்கியதால், அதற்கென்று தனியாக ஒரு பழைய தவா. ஆறு வருடத்தில் இந்த லென்ஸுக்கு நான் செய்த ஒரே உருப்படியான முதலீடு இந்த டப்பாதான்.

மார்க்கெட்டுக்குள் ஆட்டோஃபோகஸை அதிகம் நம்புவதில்லை. தலையில் மூட்டையோடு "வழி, வழி" என்று ஆள் வரும்போது ஃபோகஸ் பிடிக்கும் நேரத்தில் அவர் தாண்டிப் போயிருப்பார். வெளிச்சம் வந்த பிறகு லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப்/8 வைத்து, ஃபோகஸை மூன்று மீட்டரில் நிறுத்திவிடுவேன். சுமார் 1.9 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக வரும். தூணை முதுகுக்கு வைத்து நின்றால் யாருக்கும் குறுக்கே இல்லை, நமக்கும் இடி இல்லை. இருட்டில் இது பலிக்காது, துளையை அகலத் திறந்து எஃப்/2-க்குத் திரும்பியே ஆக வேண்டும். அங்கே இன்னொரு தொல்லை எல்இடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மட்டமான விளக்கு நொடிக்கு நூறு முறை துடிக்கும், சத்தம் வராத எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டால் படம் முழுக்க வரிவரியாகக் கோடு. மெக்கானிக்கல் ஷட்டரில் 1/100 நொடி வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். சத்தம் கேட்கட்டுமே, அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கப் போகிறது.

செண்டுமல்லிதான் ரொம்பப் படுத்தியது, ஆனால் அதில் லென்ஸின் தப்பு எதுவும் இல்லை. கேமராவில் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் ஒழுங்காகக் காட்டும், வீட்டில் பார்த்தால் ஆரஞ்சுக் குவியல் மடிப்பே இல்லாமல் பெயின்ட் ஊற்றின மாதிரி தட்டையாகக் கிடக்கும். சிவப்பு மட்டும் தனியாக எல்லை தாண்டிவிடுகிறது. கேமரா சுருக்காமல் சேமிக்கும் RAW ஃபைலில், வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப் குறைத்து எடுத்தால் இதழ் இதழாகத் திரும்பி வரும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருடம் ஆனது, அதுவும் கல்கத்தா போன பிறகு.

2023 ஜனவரியில் ஹவுரா மெயில் ஏறினேன். மல்லிக் காட் பூச்சந்தையைப் பார்க்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. கோயம்பேட்டுக்குப் பக்கத்திலும் ஆறு உண்டு, கூவம், ஆனால் அதன் கரையில் நின்று பூ வாங்குவதாக யாரும் சொல்லிக்கொள்ள மாட்டோம். அங்கே ஹூக்ளி ஆற்றின் படித்துறையே சந்தை. படித்துறை 1855-இல் கட்டியது, தலைக்கு மேலே நிற்கும் ஹவுரா பாலம் 1943-இல் திறந்தது. மறுநாள் நள்ளிரவை ஒட்டி இறங்கி, ஸ்டேஷனிலேயே உட்கார்ந்திருந்து, நாலு மணிக்கு எழுநூறு மீட்டர் பாலத்தை நடந்து தாண்டினால் வலது கைப்பக்கம் கீழே ஆரஞ்சு தெரிகிறது.

கோலாகாட், பான்ஸ்குரா, ராணாகாட் பக்கமிருந்து ரயிலில் வருகிற பூ. நம் ஊர் மாதிரி உதிரியாகக் கிலோவில் கொட்டிக் கிடப்பது குறைவு, செண்டுமல்லியைக் கோத்தே கொண்டுவருகிறார்கள். ஆள் உயரச் சரங்களைக் கொத்தாகத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும்போது ஆளே தெரியாது, பூவுக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கும். காளிக்குச் செம்பருத்தி தனி வரிசை. நாம் சம்பங்கி என்பதை அங்கே ரஜனிகந்தா என்கிறார்கள். படியில் ஒருவர் சோப்புப் போட்டுக் குளிக்கிறார், இரண்டடி தள்ளி ஒருவர் தாமரை எண்ணுகிறார்.

எல்லோரையும் "தாதா" என்று கூப்பிட வேண்டும். அங்கே அண்ணன் என்று அர்த்தம், ஆனால் சென்னைக்காரன் வாயில் அந்த வார்த்தை வரும்போது யாரிடமோ மாமூல் கேட்கிற மாதிரியே இருந்தது. கேமராவைக் காட்டி, தலையாட்டி, சிரித்து, அப்புறம்தான் எடுப்பேன். வேண்டாம் என்று ஒருவர் கையை ஆட்டினால் நகர்ந்துவிடுவேன்.

லென்ஸ் அங்கே ஓரிடத்தில் தோற்றது. படித்துறையில் குளிப்பவர், சந்தை, மேலே பாலம் மூன்றையும் சேர்த்து எடுக்க 35 போதவில்லை, இன்னும் அகலமாகப் பார்க்கும் 24 எம்எம் இருந்திருக்க வேண்டும். மூன்று நாளில் பாலத்தை நூறு படமாவது எடுத்திருப்பேன், எல்லாம் காலண்டர். ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. வைத்திருப்பது பதினொன்று. எல்லாமே இரண்டு மீட்டருக்குள் எடுத்தவை. நூலைப் பல்லில் கடித்து அறுக்கிறவர், காலிக் கூடைக்குள் தூங்குகிற பையன், ரூபாய் நோட்டில் ஒட்டின இதழைத் துடைக்கிற கை.

அந்தப் பதினொன்றைவிடக் கோயம்பேட்டுப் படங்கள் எனக்குப் பிடித்திருப்பதற்கு லென்ஸ் காரணமில்லை. மல்லி கட்டுகிற ஒரு அம்மா, தொடர்ந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, வாழைநாரை விரலில் சுற்றியபடியே, "இன்னா தம்பி, வாரா வாரம் புடிச்சினு போற, ஒண்ணுகூட கண்ணுல காட்டலியே?" என்றார். பதில் இல்லை. அடுத்த வாரம் நாலுக்கு ஆறு இஞ்சில் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோனேன். பார்த்துவிட்டு, "மூஞ்சி கருப்பா வந்துக்குது, பூ நல்லா வந்துக்குது" என்றார். சரியான விமர்சனம். வெள்ளை மல்லிக்காக வெளிச்சத்தைக் குறைத்ததில் முகம் இருண்டிருந்தது. அதிலிருந்து முகத்துக்குத்தான் அளவு வைக்கிறேன், மல்லி கொஞ்சம் வெளுத்துப் போனால் போகட்டும். இப்போது மாதம் முப்பது நாற்பது பிரிண்ட் போடுகிறேன், அந்த வகையில் இது மலிவான லென்ஸே இல்லை.

ஃபோகஸ் வளையம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. பூவில் அடிக்கும் தண்ணீர் பட்டு முன்கண்ணாடி நாளுக்கு நாலு முறை துடைக்க வேண்டியிருப்பதால் ஒரு சாதாரண யூவி ஃபில்டர் மாட்டியிருக்கிறேன், இரண்டு முறை மாற்றியாயிற்று. ஏசி அறையிலிருந்து நேராக எடுத்துப் போனால் பனி படிந்து அரைமணி நேரம் வீண், அதனால் முந்தின ராத்திரியே டப்பாவோடு ஹாலில் வைத்துவிடுவேன். பழசு வாங்குகிறவர்கள் கடையிலேயே மொபைல் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்துப் பார்த்து வாங்குங்கள். நான் பார்த்துத்தான் வாங்கினேன், அன்று உள்ளே சுத்தமாகத்தான் இருந்தது.