கச்சேரிக்குத் தோப்பை வாடகைக்குக் கேட்டு வருகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்

ஊர்ப்புறத்தில் தோப்போ தரிசு நிலமோ வைத்திருப்பவர்களும், அங்கே நடக்கும் இரவுக் கச்சேரிகளுக்கு இணையத்தில் டிக்கெட் வாங்குகிறவர்களும் இதைப் படிக்க வேண்டும். திண்டுக்கல் மாவட்டத்தில் நத்தம் பக்கம் எங்களுக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. 2025 மார்ச்சில் அங்கே இசை நிகழ்ச்சி நடத்துவதாகச் சொல்லி ஒரு நிறுவனம் ஊரையே ஏமாற்றியது. டிக்கெட் வாங்கியவர்கள் பணத்தை இழந்தார்கள். எங்களுக்கு விளைச்சல் போனதோடு மின்வாரியத்தின் நோட்டீசும் வந்து சேர்ந்தது.

வந்தவர்கள் மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். "ஒரே ஒரு ராத்திரிதான் அக்கா. மரத்தில் கை வைக்க மாட்டோம். போலீஸ், பஞ்சாயத்து, எல்லா இடத்திலும் அனுமதி வாங்கிவிட்டோம்" என்றார்கள். 20 ரூபாய் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதி முன்பணம் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் உறையில் இருந்து இரண்டு காகிதங்களை எடுத்துக் காட்டி நகலும் தந்தார்கள். அந்தக் காகிதங்களைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன். இதே காகிதங்களோடு நாளை உங்கள் வீட்டுக்கும் வருவார்கள்.

ஒன்று காவல் துறைக்கு எழுதிய மனு. அதன் தலையில் அலுவலகத் தபால் பிரிவின் தேதி முத்திரை, குறுக்கே ஒரு சுருக்கொப்பம். பார்க்க அரசுக் காகிதம் போலவே இருக்கும். ஆனால் அந்த முத்திரை மனு வந்து சேர்ந்ததற்கு மட்டுமே அத்தாட்சி. யார் மனு கொடுத்தாலும் அதைக் குத்தித்தான் தருவார்கள். அனுமதி என்றால் தனியாக ஓர் ஆணை வர வேண்டும். அதில் கோப்பு எண் இருக்கும், நாளும் நேரமும் இருக்கும், என்னென்ன நிபந்தனைகள் என்று வரிசையாக இருக்கும்.

இரண்டாவது காகிதம் அப்பட்டமான மோசடி. ஊராட்சி மன்றத் தலைவரின் பெயரில் "ஆட்சேபனை இல்லை" என்று ஒரு கடிதம். பச்சை மையில் கையெழுத்து, வட்ட முத்திரை, 2025 மார்ச் தேதி. எங்கள் மாவட்டம் உட்பட 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதன் பிறகு ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள்தான் நிர்வகித்தார்கள். மார்ச் மாதத்தில் கையெழுத்துப் போடத் தலைவரே கிடையாது! ஊராட்சிச் செயலர் நகலைக் கையில் வாங்கியதும் தேதியைத்தான் பார்த்தார். "இது எங்கள் அலுவலகத்தில் இருந்து போகவில்லை அம்மா" என்று சொல்லிவிட்டார். பழைய முத்திரையை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதைக் காவல் துறைதான் கண்டுபிடிக்க வேண்டும்.

அவர்கள் ஒட்டிய சுவரொட்டியே அனுமதி இல்லை என்பதைக் காட்டிக்கொடுத்தது. "விடிய விடிய இசை" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக மாநில அரசு தளர்வு கொடுத்தாலும் நள்ளிரவு 12 மணிக்கு மேல் கொடுக்க முடியாது. அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேல் கூடாது. திறந்தவெளியில் விடிய விடியக் கச்சேரி என்று விளம்பரம் பார்த்தால் அந்த இடத்திலேயே சந்தேகப்படுங்கள்.

நிகழ்ச்சி அன்று மாலை ஏழு மணிக்கெல்லாம் தோப்பு நிறைந்துவிட்டது. மதுரையில் இருந்து காரில் வந்தவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள், கல்லூரிப் பிள்ளைகள். டிக்கெட் 799 ரூபாய். 500 ரூபாய்க்கு மேல் நுழைவுக் கட்டணம் வைத்தால் ஜி.எஸ்.டி. உண்டு, ஆனால் டிக்கெட்டில் ஜி.எஸ்.டி. எண்ணே இல்லை. உள்ளாட்சிக்குச் சேர வேண்டிய கேளிக்கை வரியும் கட்டவில்லை. காவல் ஆய்வாளர் வந்து அனுமதி ஆணையைக் கேட்டார், தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்றைக் கேட்டார். எதுவும் இல்லை. சுற்றிலும் தகரம் அடித்து அடைத்திருந்ததைக் காட்டி, இதற்கு உரிமம் எங்கே என்றும் கேட்டார். 500 சதுர அடிக்கு மேல் அடைத்த இடத்தில் பொதுக் கேளிக்கை நடத்த உரிமம் வேண்டும் என்று 1888-ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். அவர் நிகழ்ச்சியை நிறுத்தினார். அவர் செய்தது சரி. ஆயிரக்கணக்கானோர் நின்ற அந்த இடத்துக்கு ஒரே ஒரு வாசல்தான். 2023 செப்டம்பரில் சென்னை பனையூரில் நடந்த ஏ.ஆர். ரகுமான் இசை நிகழ்ச்சியில், டிக்கெட் வைத்திருந்தவர்களே கூட்டத்தில் சிக்கி உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். அந்த நிலை இங்கே வந்திருந்தால் இருட்டில் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

நிறுத்திய செய்தி பரவுவதற்குள் நடத்தியவர்கள் போய்விட்டார்கள். கைப்பேசிகள் அணைக்கப்பட்டிருந்தன. ஏமாந்த கூட்டத்தின் கோபம் முழுவதும் தோப்பின் மேல் திரும்பியது. சொட்டுநீர்க் குழாய்களைப் பிடுங்கிப் போட்டார்கள். தாழ்ந்த கிளைகளில் ஏறி நின்று முறித்தார்கள். மறுநாள் காலையில் மரத்தடி எங்கும் கோலிக்குண்டு அளவில் மாம்பிஞ்சுகள் மிதிபட்டுக் கிடந்தன. இன்னும் சில மாதங்களில் காய் பறித்திருக்க வேண்டிய மரங்கள் அவை.

அதைவிடப் பெரிய அடி பம்ப்செட் அறையில் இருந்தது. ஜெனரேட்டர் கொண்டுவருவோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியவர்கள், எங்கள் விவசாய இலவச மின் இணைப்பில் இருந்து மேடைக்குக் கம்பி இழுத்திருக்கிறார்கள். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி, ஒரு தேவைக்காக வாங்கிய மின்சாரத்தை வேறு தேவைக்குப் பயன்படுத்தினால் உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கேட்கலாம். இடம் யார் அனுபவத்தில் அல்லது பொறுப்பில் இருக்கிறதோ அவருக்குத்தான் நோட்டீஸ் வரும். என் மாமனார் பெயருக்கு வந்திருக்கிறது. எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுத்திருக்கிறோம்.

இடம் கொடுப்பவர்கள் அனுமதி ஆணையின் எண்ணை வாங்கிக்கொண்டு நேராகக் காவல் நிலையத்துக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கும் போய்க் கேளுங்கள். அவர்கள் காட்டும் நகலை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்யாதீர்கள். பம்ப்செட் அறையைப் பூட்டிச் சாவியை உங்களிடமே வைத்திருங்கள்.

டிக்கெட் வாங்கியவர்கள் பணம் செலுத்திய ரசீதை அழித்துவிட வேண்டாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்துவிட வேண்டும். காவல் நிலையத்தில் எங்கள் புகாருக்கு மனு ரசீது கொடுத்திருக்கிறார்கள். அன்று தோப்புக்கு வந்து பணத்தை இழந்தவர்கள் யாராவது வழக்குத் தொடுப்பதாக இருந்தால், அந்தப் போலிக் கடிதத்தின் நகலையும் ஒப்பந்தத்தின் நகலையும் தர நான் தயாராக இருக்கிறேன். சாட்சி சொல்லவும் வருவேன்.