ஏழரை அங்குல நீராவி என்ஜினுக்கு ஒரு புரோப்பேன் பர்னர்: ஒரு மதிப்பீடு

நிலக்கரியில் ஓடும் மாதிரி நீராவி என்ஜின்களைப் புரோப்பேன் வாயுவுக்கு மாற்றுவதற்காக அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ஒரு சிறு பட்டறை செய்து விற்கும் பர்னர் தொகுப்பை, இரு தண்டவாளங்களுக்கும் இடையே ஏழரை அங்குலம் உள்ள பாதையில் ஓடும் என் என்ஜினில் பொருத்தி ஒரு பருவம் முழுவதும் ஓட்டிப் பார்த்தபின் இதை எழுதுகிறேன். உலோக வேலையைப் பொறுத்தவரை இது முதல் தரமான பொருள். ஆனால் காற்றைப் பற்றி இதனுடன் வரும் குறிப்புத்தாள் ஏறக்குறைய ஒன்றும் சொல்வதில்லை. புரோப்பேன் பர்னரின் வெற்றியும் தோல்வியும் காற்றில்தான் இருக்கிறது.

இந்தப் பகுதியில் பலர் நிலக்கரியை விட்டு வாயுவுக்கு வருவதற்கு வலுவான காரணம் உண்டு. ஓரிகன் மாநிலத்தின் சிலோக்வின் ஊருக்கு அருகே, 36 மைலுக்கும் அதிகமான ஏழரை அங்குலத் தண்டவாளத்துடன் பைன் காட்டுக்குள் பரந்து கிடக்கும் டிரெய்ன் மவுண்டன் என்ற மாதிரி ரயில் பூங்கா போன்ற இடங்களில், கோடையில் காய்ந்து கிடக்கும் ஊசியிலைகள் மீது புகைபோக்கியிலிருந்து ஒரு கங்கு விழுந்தாலே போதும், காட்டுத்தீக்கு வழி பிறந்துவிடும். வாயு எரியும்போது கங்கு பறப்பதில்லை. கொதிகலனில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று தெரிந்த நொடியில் வால்வை மூடி நெருப்பை முற்றிலும் அணைத்துவிடலாம் என்பதும், கரி நெருப்பை இழுத்துக் கொட்டிப் பழகியவர்களுக்குப் பெரும் ஆறுதல்.

நெருப்பறையின் அடியில் உள்ள கம்பித்தட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இணையாகக் கிடக்கும் நான்கு துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களை வைக்கிறோம். ஒவ்வொரு குழாயின் வாயிலும் ஒரு பித்தளை ஜெட், அதாவது நுண்துளை முனை, உண்டு. அதிலிருந்து சீறி வரும் வாயு பக்கத்துத் துளைகளின் வழியே காற்றை இழுத்துக்கொண்டு குழாய்க்குள் கலந்து, மேற்புறம் குறுக்காக அறுக்கப்பட்ட கீற்றுகளில் எரிகிறது. 1855 வாக்கில் ஜெர்மன் வேதியியலாளர் புன்சன் தம் ஆய்வகத்துக்காகச் செய்வித்த பர்னரின் தத்துவம்தான் இது. கீற்றுகளின் அகலம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, எல்லாக் குழாய்களிலும் ஒன்றுபோல இருப்பதை அளந்து பார்த்தேன். புரோப்பேன் சுடர் ஏறத்தாழ 2 மில்லிமீட்டருக்கும் குறுகலான இடைவெளியில் நுழைய முடியாமல் அணைந்துவிடும் என்பதால், ஜெட்டின் அழுத்தத்தை மிகக் குறைத்தாலும் நெருப்பு குழாய்க்குள் பின்வாங்குவதில்லை. வீட்டுப் பட்டறையில் மெல்லிய வட்ட ரம்பத்தால் இத்தனை கீற்றுகளை ஒரே சீராக அறுப்பது எவ்வளவு பொறுமையைக் கேட்கும் வேலை என்பதை அறிந்தவர்கள், தொகுப்பின் விலை உதிரிகளின் விலையைப்போலப் பல மடங்கு இருப்பதைக் குறை சொல்ல மாட்டார்கள்.

இனி காற்றுக்கு வருவோம். கன அளவில் ஒரு பங்கு புரோப்பேன் முழுமையாக எரிய ஏறத்தாழ 24 பங்கு காற்று வேண்டும். அதில் ஒரு பகுதியைத்தான் ஜெட் இழுத்துத் தருகிறது. மீதி குழாய்களின் இடைவெளி வழியே கீழிருந்து ஏறி வர வேண்டும். இந்தத் தொகுப்பில் உள்ள அடித்தகடு அந்த இடைவெளியைக் கரி என்ஜினின் சாம்பல் தட்டுக்கு ஏற்றபடி மிகவும் அடைத்துவிடுகிறது. திறந்தவெளியில் மேசைமீது கொளுத்தினால் அழகான நீலச் சுடர் தரும் அதே பர்னர், நெருப்பறைக்குள் போனதும் நுனி மஞ்சளாகி, கண்ணை எரிக்கும் காரமான வாடையை விடத் தொடங்கியது. அந்த வாடை முழுமையற்ற எரிதலின் அடையாளம்; கூடவே கார்பன் மோனாக்சைடும் வரும் என்று கொள்ள வேண்டும். நெருப்பறையின் சுவர் நமக்குச் சூடானது, சுடருக்கோ குளிர்ந்தது: சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தத்தில் உள்ளே நிற்கும் தண்ணீர் ஏறக்குறைய 170 டிகிரி செல்சியஸ்தான். எரிந்து முடிக்காத சுடர் அந்தச் சுவரைத் தொட்டால் பாதியிலேயே அணைகிறது. அடித்தகட்டில் குழாய்களுக்கு நடுவே நீளவாக்கில் திறப்புகள் வெட்டி, பர்னரைச் சற்றுத் தாழ்த்தியதும் சுடர் தெளிந்தது, வாடையும் போயிற்று. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீட்டர் உயரத்தில் உள்ள சிலோக்வினில் காற்றின் அடர்த்தி பத்து சதவீதத்துக்கு மேல் குறைவதால், கடற்கரையில் சரியாக இருந்த காற்றுத் திறப்புகளை அங்கே இன்னும் விரிக்க வேண்டும். இவற்றையெல்லாம் குறிப்புத்தாளில் ஒரு பக்கத்தில் எழுதியிருக்கலாம்.

ரெகுலேட்டரைத் தேர்ந்ததில் பட்டறையின் அனுபவம் தெரிகிறது. வீட்டு அடுப்புகளுக்கான ரெகுலேட்டர் தரும், சதுர அங்குலத்துக்கு அரை பவுண்டுக்கும் குறைவான அழுத்தம் இதற்கு எட்டாது. இங்கே 0 முதல் 30 பவுண்டு வரை மாற்றக்கூடியது வருகிறது. சிலிண்டரில் மாட்டும் முனை இடப்புறம் திருகும் பழைய பித்தளை வகை. வாயு வேகமாகப் பாய்ந்தால் தானே அடைத்துக்கொள்ளும் புதிய பிளாஸ்டிக் திருகை விட, ஏற்றத்தில் இழுக்கும் என்ஜினுக்கு இதுவே பொருந்தும். ஆனால் அந்தத் தற்காப்பு இல்லாததால் குழாயையும் இணைப்புகளையும் ஒவ்வொரு முறையும் சோப்பு நீர் தடவிச் சோதிப்பது கட்டாயம். நெடுநேரம் முழு நெருப்பில் ஓட்டினால், ஆவியாவதற்கான வெப்பத்தைத் திரவம் சிலிண்டரிலிருந்தே எடுப்பதால் அதன்மேல் பனி படிந்து அழுத்தம் இறங்கும். 20 பவுண்டு எடை வாயு கொள்ளும் சிலிண்டரைத் தண்ணீர்த் தொட்டியில் நிமிர்த்தி வைத்தால் இது வெகுவாகக் குறைகிறது.

ஒலி கரி என்ஜினைவிட அதிகம்; சில அழுத்தங்களில் கொதிகலன் குழாய்கள் ஊளையிடுகின்றன. கரி நெருப்பைப் பராமரிக்கும் கலையை விரும்புவோர் இதில் மனநிறைவு அடைய மாட்டார்கள். அடித்தகட்டை வெட்டித் திருத்தத் தயங்காதவர்களுக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்; பெட்டியைப் பிரித்து அப்படியே மாட்டி ஓட்ட நினைப்பவர்கள் திருத்திய தகடு வரும்வரை காத்திருக்கட்டும். வாங்குவோர் புகைபோக்கியின்மேல் வைத்துக் காற்றை இழுக்கும் சிறு மின்விசிறியையும் சேர்த்து வாங்க வேண்டும். புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமாதலால் எரியாத வாயு சாம்பல் தட்டில் தேங்கும். நீராவி ஏறி, புகைபோக்கியில் நீராவியைச் சீறவிட்டுக் காற்றை இழுக்கும் ப்ளோவர் வேலை செய்யும்வரை, முதலில் விசிறி, அடுத்து கொளுத்திய திரி, கடைசியாக வாயு என்ற வரிசை மாறவே கூடாது.